ஹார்ல்ஸ்பியில் கட்டி முடியாத கோயில்

1934 ஜூன் மாதம் நான் லண்டனில் இருந்தேன். மயிலாப்பூர் கச்சேரி ரோடை ஒட்டி எங்களுக்குச் சின்ன அச்சுக்கூடம் ஒன்று உண்டு. புதுத் தினுசு இயந்திரங்களைப் பழகிக்கொண்டு வா என்று என் தமையனார் ஆறு மாதத்துக்கு என்னைக் கப்பலேற்றி விட்டிருந்தார். இயந்திரம் பழகினேனோ இல்லையோ, விடுமுறை நாட்களில் நன்றாக ஊர் சுற்றினேன். அதில் பெரும்பாலானதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அரண்மனையையும் பாலத்தையும் பார்த்துவிட்டு வந்து பக்கம் பக்கமாக எழுதியவர்கள் நம்மில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள்.

இது வேறு இடம். லண்டனுக்கு வடகிழக்கே நாரிச் என்ற பட்டணம். அதற்கு அப்பால் ஹார்ல்ஸ்பி என்ற கிராமம். அங்கே எண்ணூறு வருஷத்துக்கு முந்திய கல்மடம் ஒன்றின் மிச்சம் நிற்கிறது. நம்மவர் யாரும் அங்கே போனதாகத் தெரியவில்லை. நானாகப் போயிருக்கவும் மாட்டேன். அந்தோணி இழுத்துக்கொண்டு போனான்.

அந்தோணி சாந்தோம் கடற்கரைக் குப்பத்துக்காரன். நான் சென்னையிலிருந்து வந்த கப்பலில் சமையற்கட்டில் வேலை. கப்பல் ஏறிய மறுநாளே கடல் என் வயிற்றைப் புரட்டியபோது, யாரும் சொல்லாமலே மிளகு ரசம் வைத்துக்கொண்டு வந்து கொடுத்தவன். பேச்சில் இருவரும் ஒரே ஊர் என்று தெரிந்தது. அவன் வீட்டிலிருந்து என் வீடு ஒன்றரை மைல்; அதற்குமுன் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஊரில் அப்படித்தான். ஜூனில் அதே கப்பல் மறுபடி டில்பரி துறைமுகத்துக்கு வந்தபோது, விலாசத்தை விசாரித்துக்கொண்டு நான் தங்கியிருந்த வீட்டுக்கே வந்துவிட்டான். கையில் ஒரு படம்.

"சார், இந்தக் கோயிலு எங்க கீதுன்னு பாரு. ஒரு நாள் லீவு கேட்டு வாங்கிக்கினு வந்துக்கீறேன். நீ வந்து இங்கிலீஷ் பேசணும்."

அது கப்பலில் கூட வேலை செய்யும் ஒருவன் அவனுக்குக் கொடுத்த தபால் அட்டைப் படம். புல்வெளி நடுவே உயரமாக ஒரு கல் வளைவு; அதற்கு முன்னும் பின்னும் ஒன்றுமில்லை. அடியில் ஹார்ல்ஸ்பி, அர்ச்சியசிஷ்ட லூசியம்மாள் மடம் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. லூசியம்மாள் கண்ணுக்குரிய அர்ச்சியசிஷ்டவள், அதாவது கண்ணைக் காக்கும் புண்ணியவதி, என்பதை அவன்தான் சொன்னான். சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தான்.

அவனுக்கு ஒரே பெண், செசிலி, ஒன்பது வயது. அவளுக்கு வலது கண் ஏற்கெனவே போய்விட்டது. இடது கண்ணிலும் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டு வந்தது. எழும்பூர்ப் பக்கம் ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, போனது போனதுதான், ஆப்பரேஷன் செய்தால் இருப்பது நிற்கும், தள்ளிப்போட்டால் அதுவும் போகும் என்று சொல்லிவிட்டார். அந்தோணியின் மனைவி ஆரோக்கியம் அதற்குச் சம்மதிக்கவில்லை. இந்தப் படத்தை வீட்டில் சுவரில் செருகி வைத்து, அதன் எதிரே ஒரு நேர்ச்சை செய்துகொண்டாள்: இந்தக் கோயில் கட்டி முடியும்போது என் பிள்ளைக்கு இரண்டு கண்ணும் வரவேண்டும், அதுவரை அவள் கண்ணில் கத்தி படவிடமாட்டேன். அந்த நேர்ச்சைக்காக ஒரே வெள்ளித் தகட்டில் அடித்த ஒரு ஜோடிக் கண்மலரையும் புருஷனிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

எனக்குப் படத்தைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

"ஏம்பா அந்தோணி, இது கட்டுகிற கோயில் இல்லை. இடிந்த கோயில்."

அவன் சிரித்தான். "இன்னா சார் நீ! இடிஞ்ச கோயில்ல எவனாச்சும் புல்லு வெட்டுவானா? பாரு, தரை எவ்ளோ சுத்தமா கீது. இடிஞ்சதுன்னா கல்லு கீழ கெடக்கணும், ஆலங்கன்னு மொளைக்கணும், ஆடு மேயணும். இது வேலைக்குத் தரைய சுத்தம் பண்ணி வச்சிக்கீறான்."

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அவன் குப்பத்துச் சின்னக் கோயிலே அப்படித்தான் எழும்பியது. வலைக்கு ஒரு பங்கு மீன் என்று ஒதுக்கி, மீன் விற்ற காசு சேரச் சேர, வாசல் வளைவு முதலில் எழும்பி, கூரை இல்லாமல் பல வருஷம் நின்றதாம். வெறும் வளைவைப் பார்த்தால் அவனுக்குக் கோயில் வளர்கிறது என்றுதான் தோன்றும். மேலும், இடிபாட்டுக்குப் புல்வெட்ட ஆள் போடும் தேசம் ஒன்று இருக்கிறது என்பதை நானே முழுதாக நம்பவில்லை. நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

போகிற வழி இது. லண்டனில் லிவர்பூல் தெரு ஸ்டேஷனில் காலை 8.15க்கு ரயில். நாரிச் 115 மைல். மூன்றாம் வகுப்பில் ஒரே நாளில் போய்த் திரும்பும் மலிவு டிக்கெட் பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ், அதாவது ஏழு ரூபாய். மூன்றாம் வகுப்பு என்று பயப்பட வேண்டாம். மெத்தை உண்டு, நம் ஊர் இரண்டாம் வகுப்பைவிட மேல். கூட்டமும் இல்லை. எதிரே கம்பளி பின்னிக்கொண்டு ஒரு வெள்ளைக்கார அம்மாள் மட்டும் இருந்தாள். ஒன்பதரைக்கு அந்தோணி எனக்காகக் கட்டிவந்த எலுமிச்சம் சாதத்தைத் திறந்தான். அவள் பின்னிக்கொண்டே இருந்தாள். அடுத்து அவனுக்கென்று கட்டிவந்த பொரித்த மீனைத் திறந்ததும், ஜன்னல் கண்ணாடியை இறக்கித் திறந்துவிட்டுப் பின்னலைத் தொடர்ந்தாள். கண்ணியமான ஜனங்கள்.

வழியெல்லாம் தட்டையான பூமி. வயல், கால்வாய், காற்றாலை. செங்கல்பட்டைத் தாண்டினால் தெரியுமே, அந்த மாதிரி கண்ணுக்கு எட்டிய வரை ஒரே மட்டம். பச்சை மட்டும் கொஞ்சம் அதிகம். அந்தோணி அதையெல்லாம் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்த கண்மலரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தான்.

நாரிச்சில் 11.20க்கு இறங்கினோம். ஸ்டேஷன் வாசலிலேயே பஸ். ஹார்ல்ஸ்பி பதினாலு மைல், ஒரு ஷில்லிங் இரண்டு பென்ஸ். நம் காசில் பன்னிரண்டரை அணாவுக்குக் கொஞ்சம் குறைவு. பஸ் பிற்பகலில் இரண்டே தடவைதான் திரும்புகிறது என்பதை டிரைவரிடம் முதலிலேயே கேட்டு வைத்துக்கொண்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

"மடத்துக்கா? இந்த மழை வரும்போலிருக்கிற நாளிலா?" என்றார் டிரைவர். அந்தோணியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்கள் நண்பர் பாதிரியாரா?" என்று கேட்டார்.

"சமையற்காரர்" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

கிராமத்தில் இறங்கி ஒரு மைல் நடை. இந்த நடையை அவசரமாக நடக்காதீர்கள். அந்த ஜில்லாவில் கட்டடத்துக்கு ஏற்ற கல் கிடையாது. வயலில் கிடைக்கும் சிக்கிமுக்கிக் கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து உள்சுவர் எழுப்பி, வெளியே போர்த்த நல்ல கல்லைக் கடல் கடந்து பிரான்சிலிருந்து கொண்டுவந்தார்களாம். நானூறு வருஷத்துக்கு முன் அவர்களுடைய ராஜா மடங்களையெல்லாம் மூடியபோது, கூரையிலிருந்த ஈயத்தை உருக்கி எடுத்துக்கொண்டார்கள். நல்ல கல்லை ஊரார் உரித்துக்கொண்டு போனார்கள். அதனால் கிராமத்துச் சாராயக் கடை வாசலில் மடத்துக் கல்லில் செதுக்கிய ஒரு சம்மனசு, அதாவது தேவதூதர், சிறகை விரித்து நிற்கிறது. ஒரு மாட்டுத் தொழுவத்தில் பாதி ஜன்னல் இருக்கிறது. இதில் நாம் சிரிக்க ஒன்றுமில்லை. சாந்தோம் பக்கம் கிணறு வெட்டினால் எழுத்து வெட்டிய பழைய கல் கிடைக்கிறது. அதன்மேல் துணி துவைப்பவர்களை எனக்குத் தெரியும்.

இந்த விவரமெல்லாம் டிக்கெட் கொட்டகையில் இருந்த அம்மாள் சொன்னது. நுழைவுக் கட்டணம் ஆறு பென்ஸ், ஐந்தணா நாலு பை. அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தோணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்துவிட்டான். நான் எட்டிப் பிடிப்பதற்குள் அவன் குரல் கேட்டது.

"சார்! சாரம் கட்டிக்கீறான் சார்! வேலை நடக்குது!"

உண்மைதான். அந்தப் பெரிய வளைவுக்குத் தலை முதல் கால் வரை மரச் சாரம் கட்டியிருந்தது. மேலே மூன்று பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். கீழே சுண்ணாம்பு குழைத்திருந்தது. சாரம் இல்லாத மொட்டை வளைவைக் காட்டி ஒரு வார்த்தையில் விஷயத்தை முடித்துவிடலாம் என்றிருந்தேன். இப்போது எப்படிச் சொல்வது?

மிச்சம் நிற்பது இவ்வளவுதான். கிழக்குச் சுவரும் அதிலுள்ள வளைவும், ஒரு தென்னை உயரம். ஜன்னல் இருந்த இடத்தில் ஆகாயம். தரையில் இரண்டு வரிசையாகத் தூண்களின் அடிப்பாகம், முழங்கால் உயரத்துக்கு. வலது பக்கம் ஒரு கிணறு. கண்ணுக்கு நல்லது என்று ஒரு காலத்தில் ஜனங்கள் வரிசையில் நின்ற கிணறு, இப்போது தண்ணீர் இல்லை. சுவரின் கனம் ஆறடி. உரித்த இடத்தில் சிக்கிமுக்கிக் கற்கள் கடலைமிட்டாயில் கடலை தெரிவதுபோல் தெரிகின்றன. அழகாயிருக்கிறதா என்று கேட்டால், ஆமாம், அழகாகவே இருக்கிறது. நான் அன்று அதைச் சரியாகப் பார்க்கவில்லை.

மேஸ்திரி கீழே இறங்கி வந்தார். ஹாரி என்று பெயர், அறுபது வயதிருக்கும், புருவமெல்லாம் சுண்ணாம்பு. அந்தோணி அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு என்னிடம் திரும்பினான்.

"எப்போ முடியும்னு கேளு சார். கூரை எந்த வருஷம் போடுவாங்கன்னு கேளு. ஆள் பத்தலைன்னா நானே இன்னிக்குக் கல்லு சொமக்கறேன்னு சொல்லு."

கேட்டேன். ஹாரி முதலில் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். அந்தோணியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிதானமாகப் பதில் சொன்னார். கூரை கிடையாது. புதிதாக ஒரு கல் வைக்கவும் அனுமதி கிடையாது. வைத்தால் வேலை போய்விடும். என்ன நிற்கிறதோ அது நிற்கிறபடியே நிற்கவேண்டும், அவ்வளவுதான் தங்களுக்கு உத்தரவு.

"இன்னா சொல்றாரு?"

சொல்லாமல் மழுப்பிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்தப் பெண்ணின் கண் ஞாபகம் வந்தது. அப்படியே சொன்னேன். "இது இடிந்து நானூறு வருஷம் ஆச்சு அந்தோணி. இனிமேல் யாரும் கட்டப்போவதில்லை."

"அப்போ இன்னாத்துக்கு சாரம்?"

அதையும் கேட்டேன். ஹாரி சுவரில் ஒரு வெடிப்பைக் காட்டினார். விரல்தான் நுழையும். மழைத் தண்ணீர் இதில் இறங்கும், குளிரில் உறையும், உறைந்தால் பருக்கும், பருத்தால் கல்லைப் பிளக்கும். நானூறு வருஷம் நின்றதுதானே என்று விட்டுவிட்டால், கெட்டதாக ஒரே ஒரு பனிக்காலம் போதும், வளைவு தரைக்கு வந்துவிடும். அதனால் வெடிப்பைப் பார்த்துப் பார்த்துச் சுண்ணாம்பு அடைக்கிறோம் என்றார்.

அந்தோணி ஒரு தூணின் அடிக்கல்மேல் உட்கார்ந்துவிட்டான். பிறகு பேசியது என்னோடு இல்லை, லூசியம்மாளோடு.

"நல்லா கீதும்மா உன் வேலை! வூட்டை வுட்டு, கடலைத் தாண்டி, உன்னைத் தேடிக்கினு வந்தா, உனக்கே வூடு இல்ல. நீ எங்க பாப்பாவுக்கு இன்னாத்த குடுப்ப?"

நான் விலகி நின்றேன். மனிதனுக்கும் அவன் சாமிக்கும் நடக்கிற சண்டையில் மூன்றாவது ஆளுக்கு வேலை இல்லை. ஹாரி என்ன விஷயம் என்று கேட்டார். ஒன்று விடாமல் சொன்னேன். அவர் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

தூறல் போட ஆரம்பித்தது. வேலையாட்கள் வெடிப்பின்மேல் கோணியைப் போட்டு மூடினார்கள். அந்தோணி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஒரே பனிக்காலமா சார்? அப்படியா சொன்னாரு?"

"அப்படித்தான்."

"டாக்டரும் இத்தையேதான் சொன்னாரு. தள்ளிப் போடாதேன்னாரு. நாங்கதான் கோயிலு முடியட்டும், முடியட்டும்னு குந்திக்கினு கீறோம்." அவன் குரல் உடைந்தது.

எழுந்து ஹாரியிடம் போனான். கண்மலரைக் காட்டி, விரலால் வெட்டுவதுபோல் செய்து காட்டினான். ஈயத்தகடு வெட்டும் கத்திரி அவரிடம் இருந்தது. வாங்கி, தகட்டை நடுவே வெட்டினான். இப்போது இரண்டு தனித்தனிக் கண்.

"பாரும்மா" என்றான், ஆகாயம் தெரியும் அந்த வளைவைப் பார்த்து. "ரெண்டு கண்ணு கேட்டோம். உன்னாண்ட ரெண்டு இல்லேன்னு தெரிஞ்சிப்போச்சு. சரி, ஒண்ணு நிறுத்திக் குடு. ஒண்ணுக்கு ஒண்ணு. இன்னொண்ணை நான் வூட்டுக்கு எடுத்துக்கினு போறேன்."

காய்கறிக்காரியிடம்கூட நான் அவ்வளவு கண்டிப்பாகப் பேரம் பேசியதில்லை. ஹாரி என்னைப் பார்த்தார், டிக்கெட் கொட்டகைப் பக்கம் பார்த்தார், பிறகு கரண்டியில் சுண்ணாம்பை எடுத்தார். வெடிப்புக்குள் அந்தோணி வெள்ளிக் கண்ணை வைத்தான். மேலே ஹாரி பூசினார். புதிதாகக் கல் வைக்கத்தானே தடை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஹார்ல்ஸ்பி என்ற பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஹாரிக்கு அது உதவும்.

நாரிச் திரும்பியதும் தந்தி ஆபீசுக்குப் போனோம். இந்தியாவுக்குத் தந்தி ஒரு சொல்லுக்கு ஒரு ஷில்லிங்குக்கு மேல் ஆகும், யோசித்து எழுதுங்கள். எனக்கு ஒரு யோசனை வந்தது. "கோயில் முடிந்தது என்று அடித்துவிடுவோமே? நேர்ச்சைக் கெடு தீர்ந்ததென்று ஆரோக்கியம் ஒத்துக்கொள்வாளே?"

அந்தோணி என்னை ஏற இறங்கப் பார்த்தான். "இன்னா சார், படிச்சவன்தானே நீ? முடிஞ்சிச்சின்னு தெரிஞ்சா, ரெண்டு கண்ணும் தானா வந்துடும்னு இன்னும் கெட்டியாப் புடிச்சிக்கினு குந்திக்குவா. இடிஞ்சிதுன்னே சொல்லு. அவளுக்கு வாணாம், எங்க கோயிலு சாமியாருக்குத் தந்தி அடி. நேர்ச்சைய மாத்திக் குடுக்க அவராலதான் முடியும்."

பொய்யைப் பற்றி எனக்கு அவ்வளவு ஆட்சேபணை இல்லை. ஆனால் அவன் பெண்டாட்டியை அவனுக்குத்தான் தெரியும். பங்குச் சாமியாருக்கு எழுதினோம்: படத்திலுள்ள கோயில் பழைய இடிபாடு, எழும்பாது, ஆரோக்கியத்தின் நேர்ச்சையை மாற்றித் தரவும், தாமதிக்காமல் ஆப்பரேஷன். கவுண்டரிலிருந்த பெண் அதை இரண்டு தடவை படித்தாள். ரகசியச் சங்கேதம் என்று நினைத்தாளோ என்னவோ, என் கையெழுத்தையும் விலாசத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

போக விரும்புகிறவர்களுக்கு: மே மாதம் முதல் செப்டம்பர் வரை போகலாம், மற்ற மாதங்களில் சேறு. ஞாயிற்றுக்கிழமை பஸ் இல்லை. சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். கிராமத்தில் கிடைப்பது மாட்டிறைச்சியும் பாலைக் கண்ணால் காட்டிய தேநீரும்தான். செருப்பைக் கழற்ற வேண்டாம், புல்லுக்குள் முள் இருக்கிறது. அந்தோணி திரும்பும்போது நொண்டினான். கிணற்றில் தண்ணீர் இல்லை என்பதை வயதானவர்களை அழைத்துப் போனால் முன்பே சொல்லிவிடுங்கள். முழுக் கோயில் பார்க்க ஆசையானால் நாரிச் பட்டணத்திலேயே கூரையோடு பிரமாதமாக ஒன்று இருக்கிறது. நின்றது எப்படி நிற்கிறது என்று பார்க்கவேண்டுமானால் மட்டும் இங்கே வாருங்கள். ஒரு நாள் செலவு; எனக்கு அது வீண் என்று தோன்றவில்லை.

செப்டம்பரில் ஊர் திரும்பினேன். ஒரு வாரம் கழித்து, விடிந்ததும் நடந்து சாந்தோம் கடற்கரைக் குப்பத்துக்குப் போனேன். அந்தோணி கப்பலில் இருந்தான். ஆரோக்கியம் மணலில் காலி மீன் கூடையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் யார் என்று சொன்னதும் அவள் முகம் கடுகடுத்தது.

"நீதானா அந்த சாரு? ஒத்தைக் கண்ணை வச்சிட்டு ஒத்தைக் கண்ணை வூட்டுக்கு எடுத்துக்கினு வந்தாரு எங்க வூட்டுக்காரரு. ரெண்டையும் வச்சிருந்தா இன்னா கொறஞ்சி பூடும்? சாமியாரு நேர்ச்சைய மாத்திக் குடுத்தாரு, சரி. வருஷம் பூரா சனிக்கிழமை சனிக்கிழமை நான்தான் கோயிலு தரையக் கழுவணுமாம்!"

ஆப்பரேஷன் ஜூலையிலேயே ஆகிவிட்டது. செசிலி பக்கத்தில் நின்றாள். வலது கண்ணில் அசைவில்லை. இடது கண்ணுக்கும் நேரே இருப்பதுதான் தெரிந்தது, முகத்தை முழுதாகத் திருப்பித்தான் பார்த்தாள். என்னையும் அப்படித்தான் பார்த்தாள். ஆப்பரேஷனுக்குப் பிறகு இதற்குமேல் சுருங்கவில்லை என்றாள் ஆரோக்கியம். ஆனாலும் ரெண்டு கண்ணுதான் கேட்டேன் என்று மறுபடி ஆரம்பித்தாள்.

கட்டுமரங்கள் திரும்பும் நேரம். செசிலி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மாமன் மரம் வருது."

"எங்கடி?"

"அதோ. பாயில செவப்பு ஒட்டு போட்டுக்கீதே, அது."

நான் கையைப் புருவத்தில் வைத்துப் பார்த்தேன். வெயிலில் மினுக்கும் தண்ணீரைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆரோக்கியமும் பார்த்தாள், அவளுக்கும் தெரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இன்னொரு தடவை அவள் பார்க்கவில்லை. பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, மாமன் மரம் கரையேறும் இடத்துக்கு நடக்க ஆரம்பித்தாள்.